பூவரசும் வெண்டையும்: ஒரே குடும்பத்தின் ஒரு மரமும் ஒரு காய்கறிச் செடியும்

வெண்டைப் பூ ஒன்றையும் பூவரசம் பூ ஒன்றையும் காலை 8 மணி அளவில் பறித்து ஒரு தட்டில் அருகருகே வைத்தால், எது எதனுடையது என்று சொல்வதற்குள் சிறிது தயங்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஐந்து மஞ்சள் இதழ்கள்; இரண்டிலும் ஒவ்வோர் இதழும் அடுத்த இதழின் ஓரத்தை மூடியபடி, துணியை முறுக்கிவிட்டது போல அடுக்கப்பட்டிருக்கும்; இரண்டிலும் பூவின் அடியில் கருஞ்சிவப்பு படர்ந்திருக்கும்; நடுவில் மகரந்தத் தாள்கள் தனித்தனியே நிற்காமல் ஒன்றாக இணைந்து ஒரு குழலாகி, அந்தக் குழலுக்குள்ளிருந்து சூல்தண்டு தலை நீட்டும். வெண்டைப் பூ அகல விரியும், பூவரசம் பூ மணியைப் போலக் குவிந்தே இருக்கும் என்பதுதான் முதலில் கண்ணுக்குப் படும் வேறுபாடு. மாலைக்குள் வெண்டைப் பூ வாடிச் சுருண்டுவிடும். பூவரசம் பூ மஞ்சளிலிருந்து மெல்ல இளஞ்சிவப்புக்கு மாறி, அதன் பிறகு உதிரும்.

இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. இரண்டும் தாவரவியலில் மால்வேசியே என்று வழங்கப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பருத்தி, செம்பருத்தி, புளிச்சக்கீரை, துத்தி ஆகியவையும் இந்தக் குடும்பத்தவையே. இன்றைய வகைப்பாட்டின்படி இலவ மரமும், சாக்லேட்டுக்குக் கொட்டை தரும் கொக்கோவும்கூட இதற்குள் வந்துவிடுகின்றன. வெண்டையின் அறிவியல் பெயர் ஏபெல்மாஸ்கஸ் எஸ்குலெண்டஸ். பூவரசின் பெயர் தெஸ்பீசியா பாப்புல்னியா. பூவரசின் இலை பாப்லர் மரத்தின் இலையை ஒத்திருப்பதால் மேற்கத்தியத் தாவரவியலாளர்கள் இந்தப் பெயரின் இரண்டாம் பகுதியை அப்படி இட்டார்கள். நம்மவர்கள் அதே இலையில் அரச இலையைக் கண்டார்கள். அரச மரத்தின் பூக்கள் பழத்துக்குள்ளேயே மறைந்திருப்பவை. கண்ணுக்குத் தெரியப் பூக்கும் அரசு என்பதால் இது பூவரசு ஆயிற்று.

மரத்துக்கும் காய்கறிச் செடிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டும் என்றால், தேக்கையும் தக்காளியையும் எடுத்துக்கொள்வதே பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்த இரண்டும் உறவில் மிகத் தொலைவானவை. அவற்றுக்கிடையே காணும் வேறுபாடுகளில் எது மரமாக இருப்பதால் வந்தது, எது வேறு குடும்பமாக இருப்பதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூவும் நாரும் வழவழப்புச் சாறும் பொதுவாக உள்ள இரண்டு உறவினரை ஒப்பிடும்போதுதான், ஒரு தாவரம் மரமாக வாழ்வதற்கு என்ன செய்கிறது, மூன்றே மாதத்தில் காய்த்து முடிவதற்கு என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு இவ்விரண்டையும் தேர்ந்துகொண்டேன்.

மரம் எதைச் சேர்த்து வைக்கிறது

எந்தத் தாவரமானாலும் வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் நீரையும் கொண்டு இலையில் சர்க்கரை செய்கிறது. இதுவே அதன் வருமானம். இந்த வருமானத்தை எதற்குச் செலவிடுகிறது என்பதில்தான் மரமும் காய்கறிச் செடியும் பிரிகின்றன. வெண்டைச் செடி முளைத்த சில வாரங்களில் இலைக்கும் தண்டுக்கும் தேவையான அளவு மட்டும் செலவிட்டுவிட்டு, எஞ்சிய எல்லாவற்றையும் பூவுக்கும் காய்க்கும் விதைக்கும் கொடுத்துவிடுகிறது. பூவரசு தன் வருமானத்தின் பெரும்பகுதியைக் கட்டையாக மாற்றி, தண்டிலும் கிளையிலும் வேரிலும் ஆண்டுதோறும் சேர்த்து வைக்கிறது.

சேர்த்து வைக்கும் இந்த வேலையைச் செய்வது கேம்பியம் எனப்படும் மெல்லிய வளர்திசு. மரப்பட்டையை உரித்தால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாகவும் வழுக்கலாகவும் தென்படும் இடத்தில் அது இருக்கிறது. அது உட்புறமாகக் கட்டைத் திசுவையும் வெளிப்புறமாகப் பட்டைத் திசுவையும் ஓயாமல் உருவாக்கிக்கொண்டே இருப்பதால்தான் மரம் ஆண்டுக்காண்டு பருக்கிறது. உட்பகுதியில் உள்ள பழைய கட்டை நாளடைவில் நீர் கடத்தும் வேலையை நிறுத்திவிட்டு, நிறம் கறுத்து, இறுகிப்போகும். இதைத்தான் வைரம் பாய்ந்த கட்டை என்கிறோம். பூவரசில் இந்த உட்கட்டை செம்பழுப்பாகவும் சில மரங்களில் அதைவிடக் கறுத்தும் இருக்கும், வெளிக்கட்டை வெளிறியிருக்கும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும் வெளியே காழ் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. காழ் என்பது வைரம். அந்தப் பிரிவின்படி பனையும் தென்னையும் புல்லோடு சேரும். பூவரசு மரத்தோடு சேரும். பனையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் உறுதியெல்லாம் வெளிச்சுற்றில் இருப்பதும் உள்ளே சோறு இருப்பதும் தெரியும். பனைக்குக் கேம்பியம் இல்லை, அது ஒருவித்திலைத் தாவரம், புல்லின் தூரத்து உறவு என்று இன்றைய தாவரவியலும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. கண்ணால் கண்டதை வைத்தே இவ்வளவு நுட்பமாக வகுத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

வெண்டைக்கும் கேம்பியம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. காய்த்து ஓய்ந்த வெண்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் அதன் அடித்தண்டு விரல் பருமனில் விறகு போல இறுகியிருப்பதைக் கண்டிருப்பார்கள். காய்ந்த வெண்டைத் தண்டை அடுப்பெரிக்கவும் பயன்படுத்துவதுண்டு. மரமாவதற்கான கருவி அதனிடமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவியை நீண்ட காலம் இயக்கும் வாழ்க்கையை அது வாழ்வதில்லை.

நடவு, மண், நீர், எரு

வெண்டைக்கு வெப்பம் இன்றியமையாதது. மண் குளிர்ந்திருந்தால் விதை முளைக்காமல் அழுகிவிடும். வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் முளைப்பு மிகவும் குறையும். தமிழ்நாட்டுச் சமவெளியில் இது பெரிய தடை அன்று. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், பிறகு பிப்ரவரியிலும் விதைப்பது வழக்கம். விதையின் மேலுறை கடினமானது என்பதால் முந்தைய இரவே நீரில் ஊற வைத்து, மறுநாள் 2 செ.மீ. ஆழத்தில் குழிக்கு இரண்டு விதையாக ஊன்ற வேண்டும். சில நாட்களில் முளை வந்துவிடும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதைவிட நேரே ஊன்றுவதே நல்லது. அதன் ஆணிவேர் அசைக்கப்படுவதை விரும்பாது.

பூவரசையும் விதையிலிருந்து வளர்க்கலாம். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் போத்து நட்டே வளர்த்திருக்கிறார்கள். கைமணிக்கட்டுப் பருமனுள்ள, ஆள் உயரக் கிளையை வெட்டி, மழைக்காலத்தை ஒட்டி மண்ணில் ஊன்றிவிட்டால் அது வேர்விட்டுத் துளிர்க்கும். யாழ்ப்பாணத்தில் இதையே கதியால் என்பார்கள். வேலிக்குப் பூவரசங் கதியால் போடுவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். கிளையொன்று முழு மரமாவது எப்படி என்று யோசித்தால் முன்பு சொன்ன சேமிப்பின் பொருள் விளங்கும். வெட்டிய கிளைக்கு வேர் இல்லை, இலை இல்லை, ஆகவே வருமானமும் இல்லை. கட்டைக்குள் அது சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தையும் நீரையும் கொண்டுதான் முதல் வேரையும் முதல் துளிரையும் விடுகிறது. அதனால்தான் மெல்லிய குச்சியைவிடப் பருத்த போத்து நன்றாகப் பிடிக்கிறது. இதில் ஒரு குறையும் உண்டு. போத்திலிருந்து வந்த மரத்துக்கு ஆணிவேர் இருக்காது. நேராக ஓங்கி வளர்ந்து நல்ல கட்டை தர வேண்டும், புயல் காற்றைத் தாங்க வேண்டும் என்று எண்ணி நடுபவர்கள் விதைக்கன்றையே தேர்ந்துகொள்வது நல்லது. வேலியும் தழையும் போதும் என்பவர்களுக்குப் போத்தே எளிது.

மண்ணைப் பொறுத்தவரை வெண்டைக்குத் தேர்வு அதிகம். நீர் தேங்காத, மட்கு நிறைந்த, பொலபொலப்பான மண் வேண்டும். உப்பேறிய நிலத்தில் செடி குன்றிப்போகும். இரண்டு நாள் நீர் தேங்கினாலே வேர் அழுகத் தொடங்கும். பூவரசு கடற்கரையில் பிறந்து பழகிய மரம். அதன் காய் முற்றினாலும் வெடிக்காது. இலேசாக இருப்பதால் கடல்நீரில் மிதந்து நெடுந்தூரம் போய், வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். இந்தியப் பெருங்கடலின் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் ஒரே மரம் வளர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். உப்புக் காற்று, மணல், இடையிடையே புகும் நீர், பல மாதக் கோடை ஆகிய அனைத்தையும் அது தாங்கும். வெண்டையின் காயோ காய்ந்ததும் விளிம்புகளின் வழியே வெடித்து, விதையைத் தாய்ச்செடியின் காலடியிலேயே சிந்திவிடும்.

நீர்த்தேவையில் உள்ள வேறுபாட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மரம் பெரியது, ஆகவே அதற்கு நிறைய நீர் ஊற்ற வேண்டும்; செடி சிறியது, அதற்குக் குறைவாக ஊற்றினால் போதும் என்று தோன்றும். மொத்தமாகக் குடிக்கும் நீரைக் கணக்கிட்டால் மரமே அதிகம் குடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாம் கொண்டுபோய் ஊற்ற வேண்டிய நீர் வேறு. வெண்டையின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், மேல்மண் காய்ந்த அன்றே செடிக்குத் தாகம் எடுக்கும். மண்ணின் தன்மைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பாய்ச்ச வேண்டும். பூக்கும் நேரத்தில் நீர் தவறினால் பூவும் பிஞ்சும் உதிரும். தப்பிய காயும் நார் ஏறிவிடும். பூவரசுக்கு முதல் ஓரிரு கோடைகளில் மட்டும் நீர் ஊற்றிக் காப்பாற்றினால் போதும். அதன் பிறகு வேர் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். வேரில் போட்ட முதலீட்டை மரம் பல ஆண்டுகளுக்கு அனுபவிக்கிறது. 100 நாளில் முடியப்போகும் செடிக்கு அவ்வளவு பெரிய வேரைக் கட்டக் காலம் போதாது.

எருவிலும் இதே கதைதான். வெண்டை குறுகிய காலத்தில் நிறையக் காய்க்கிறது. காயோடு சேர்த்து மண்ணின் சத்தையும் நாம் வயலைவிட்டு எடுத்துச் செல்கிறோம். ஆகவே ஒவ்வொரு பருவமும் அந்தச் சத்தை மண்ணுக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். ஹெக்டேருக்கு 25 டன் தொழு எரு என்பது வெண்டைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. ஒரு சென்ட் நிலத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 100 கிலோ வரும். பூவரசுக்கு நடும்போது குழியில் இடும் எருவைத் தவிரப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. அது ஆழத்திலிருந்து உறிஞ்சிய சத்தை இலையாக்கி, அந்த இலையைத் தன் காலடியிலேயே உதிர்த்து, மட்கிய பின் மீண்டும் எடுத்துக்கொள்கிறது.

இடத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். வெண்டையை 45 செ.மீ. வரிசை இடைவெளியிலும் 30 செ.மீ. செடி இடைவெளியிலும் ஊன்றினால் ஒரு சென்ட் நிலத்தில் ஏறக்குறைய 300 செடிகள் நிற்கும். கவாத்துச் செய்யாமல் விட்ட ஒரு பூவரசு 7 மீட்டர் விட்டத்துக்குக் கிளை பரப்பியிருந்தால், அந்த ஒற்றை மரத்தின் நிழலே கிட்டத்தட்ட ஒரு சென்ட் நிலத்தை மூடிவிடும். இரண்டுக்கும் முழு வெயில் வேண்டும். ஆனால் மரம் தனக்கான வெயிலைத் தானே மேலேறிப் பிடித்துக்கொள்ளும்; வெண்டைக்கு அந்த வெயிலை நாம்தான் ஒதுக்கித் தர வேண்டும். நிழலில் நின்ற வெண்டை மெலிந்து நெடுத்துப் போகும், காய்ப்பும் குறையும்.

காவல்

பல பத்தாண்டுகள் ஓரிடத்திலேயே நின்று வாழ வேண்டிய தாவரம் தன்னைக் காத்துக்கொள்ளவும் செலவு செய்கிறது. பூவரசின் இளங்காயைக் கிள்ளினால் மஞ்சள் நிறப் பிசின் கசியும். இந்த மரத்தில் காஸிப்பால் என்ற வேதிப்பொருள் உண்டு. பருத்தி விதையில் இருப்பதும் இதுவே. பருத்திக்கொட்டையை நேரே உண்ண முடியாததற்கும், பருத்திக்கொட்டை எண்ணெயைச் சுத்திகரித்தே பயன்படுத்துவதற்கும் இதுதான் காரணம். மால்வேசியே குடும்பத்துக்குள்ளும் பூவரசு பருத்திக்கு மிக நெருங்கிய உறவு. வெண்டை சற்றுத் தள்ளி நிற்கும் உறவு, அதற்கு இந்தக் காஸிப்பால் சுரப்பிகள் இல்லை. பூவரசங்காய் நமக்கு உணவாகாமல் போனதற்கும் வெண்டைக்காய் அன்றாடச் சமையலுக்கு வந்ததற்கும் இடையே உள்ள தொலைவில் ஒரு பகுதி இதுதான். மீதியை மனிதர்கள் செய்தார்கள்: இளசாகவும் சுணை குறைவாகவும் நீளமாகவும் காய்த்த செடிகளின் விதையையே நெடுங்காலமாக எடுத்து வைத்து விதைத்து வந்ததால் வெண்டை இன்னும் மென்மையாயிற்று.

மென்மைக்குத் தரும் விலை உண்டு. வெண்டையைத் தாக்கும் நோய்களில் விவசாயிகள் மிகவும் அஞ்சுவது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈக்கள் பரப்பும் இந்த வைரஸ் நோய் வந்தால் இலை நரம்புகள் மஞ்சளாகும், பிறகு இலை முழுவதும் வெளுக்கும், காயும் மஞ்சளித்துச் சிறுத்துவிடும். நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது; அதைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி. ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் பயிரிடப்பட்ட பூசா சாவனி என்ற ரகம் இந்த நோய்க்கு ஓரளவு தாங்கி நின்று, பின்னர் அந்தத் தாங்கும் திறனை இழந்தது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா அனாமிகா இந்நோயை எதிர்ப்பதற்கென்றே காட்டு இனத்தோடு கலந்து பெறப்பட்ட ரகம். காய்கறிச் செடியின் காவலை இப்படி மனிதர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதனோடு தண்டையும் காயையும் துளைக்கும் புழுவும் வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாத்திக்குள் நடந்து பார்க்காதவருக்கு வெண்டை கை கொடுக்காது.

நமக்குக் கிடைப்பவை

விதைத்த 45 நாள் அளவில் வெண்டையில் முதல் காய் பறிக்கலாம். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் இரண்டு நாள் விட்டாலும் முற்றி நாராகிவிடும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பது வழக்கம். சந்தையில் காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவதும் இந்த நார் ஏறியிருக்கிறதா என்று அறிவதற்கே. இங்கே தொடக்கநிலையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. பறிப்பது செடிக்குத் தீங்கு என்று நினைத்து, ‘பாவம், இருக்கட்டும்’ என்று விட்டுவைத்த காய் முற்றி விதை கட்டத் தொடங்கினால், தன் கடமை முடிந்தது என்பது போலச் செடி புதிய பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தொடர்ந்து பறிக்கப் பறிக்கத்தான் அது தொடர்ந்து பூக்கும். நல்ல பராமரிப்பில் 90 முதல் 100 நாளுக்குள் ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன் வரை கிடைக்கும். சென்டுக்கு 50 கிலோவும் அதற்குச் சற்று மேலும் ஆகும். உலகிலேயே வெண்டை அதிகம் விளைவது இந்தியாவில்தான்.

வெண்டைக்காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிராம் காயில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்தும் 20 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட வைட்டமின் சி-யும் இருக்கும்; ஃபோலேட் என்ற சத்தும் கணிசமாக உண்டு. அதன் வழவழப்பைப் பலர் குறையாக எண்ணுகிறார்கள். அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒருவகைச் சர்க்கரைத் தொடர். நீர் பட்டால் பெருகும், புளிப்புப் பட்டால் அடங்கும். கழுவிய காயை ஈரம் போகத் துடைத்துவிட்டு நறுக்குவதும், வதக்கிய பிறகே குழம்பில் போடுவதும், புளியோ தயிரோ சேர்ப்பதும் இந்தப் பண்பை அறிந்த சமையல் முறைகள். வெல்லம் காய்ச்சும் இடங்களில் வெண்டைத் தண்டை நசுக்கி எடுத்த இதே வழவழப்புச் சாற்றைக் கொதிக்கும் கரும்புப்பாலில் ஊற்றுவார்கள். அது அழுக்கைத் திரட்டி மேலே கொண்டுவர, வழித்து அகற்றிவிடலாம். வெண்டைக்காய் உண்டால் கணக்கு நன்றாக வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி ஊட்டும் வழக்கத்துக்கு அறிவியல் சான்று எதையும் நான் கண்டதில்லை. ஊட்டுவதற்கு மேற்சொன்ன சத்துகளே போதுமான காரணம்.

பூவரசு தருவது ஒரு விளைச்சல் அன்று. இலை முதல் கட்டை வரை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பயன். நட்ட சில ஆண்டுகளிலேயே வேலியும் நிழலும் ஆட்டுக்குத் தழையும் கிடைத்துவிடும். இலையில் அரிசி மாவைத் தடவி, பூரணம் வைத்து மடித்து வேக வைக்கும் கொழுக்கட்டைக்கு அந்த இலையின் மணம் ஏறும். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத சிற்றூர்க் குழந்தை ஒரு காலத்தில் அரிது. சித்த மருத்துவத்தில் பட்டையும் காயும் தோல் நோய்களுக்குப் பயன்படுகின்றன. முதிர்ந்த கட்டை நன்றாக இழைப்புக்கு வரும். வண்டிச் சக்கர உறுப்புகளும் படகின் பாகங்களும் மேசை நாற்காலிகளும் இதில் செய்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் மிலோ என்ற பெயரால் வழங்கும் இதே மரத்தைக் கடைந்து உணவுக் கிண்ணங்கள் செய்தார்கள். நம் ஊரில் வேலியோரத்தில் நிற்பது அங்கே போற்றி வளர்க்கப்பட்டது. நார் இரண்டிலும் உண்டு. பூவரசம் பட்டையிலிருந்தும் வெண்டைத் தண்டிலிருந்தும் கயிற்றுக்கான நார் உரிக்கலாம். சணல் தரும் செடியும் இதே குடும்பம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

கட்டைக்காகக் காத்திருப்பவர் பொறுமையாக இருக்க வேண்டும். ஆனால் காத்திருக்கும் காலத்தில் மரம் எதையும் தராமல் நிற்பதில்லை. கிளை கழித்தால் மீண்டும் தழைக்கும். தழைப்பதற்கு வேண்டிய சேமிப்பு தண்டிலும் வேரிலும் இருக்கிறது. வெண்டையையும் காய்ப்பு ஓய்ந்த பின் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி, எருவிட்டு நீர் பாய்ச்சினால் மறுதாம்பு துளிர்த்துச் சில வாரம் காய்க்கும். ஒருமுறை அவ்வாறு செய்து பார்ப்பவர்களுக்கு அதன் சேமிப்பு எவ்வளவு சிறியது என்பதும் தெரியவரும்: இரண்டாம் முறை காய் சிறுக்கும், செடி களைத்துவிடும், நோயும் விரைவில் பற்றும்.

இரண்டையும் ஒரே கொல்லையில் வைப்பது

நிலம் குறைவாக உள்ளவர்கள் மரமா காய்கறியா என்று கேட்பதுண்டு. இடத்தைச் சரியாக அமைத்தால் ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை. பூவரசை வேலியோரமாக, கொல்லையின் மேற்கு எல்லையில் போத்தாக நட்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளை கழித்து உயரத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டால், வெண்டைப் பாத்திக்குக் காலை வெயிலும் உச்சி வெயிலும் முழுமையாகக் கிடைக்கும். கோடையின் கடுமையான பிற்பகல் வெயில் மட்டும் சற்றுத் தணியும். மரத்தின் வேர் பாத்திக்குள் வந்து நீரையும் எருவையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, பாத்தியை மரத்திலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி அமைப்பதும், இடையே ஓரடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்து ஆண்டுதோறும் வேரை நறுக்கிவிடுவதும் பயன் தரும்.

கழித்த கிளையின் இலைதான் இந்த ஏற்பாட்டின் முக்கியமான ஆதாயம். காவிரிப் பாசன நிலங்களில் பூவரசந் தழையை வயலில் மிதித்து உரமாக்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பூவரசங் குழையை மண்ணுக்குள் தாழ்த்துவார்கள். வெண்டை விதைப்பதற்கு நான்கைந்து வாரம் முன்பே இந்தத் தழையை மண்ணில் கலந்து நீர் விட்டுவைத்தால், விதை ஊன்றும் நேரத்தில் அது மட்கியிருக்கும். ஆழத்து மண்ணிலிருந்து மரம் பல மாதங்களாக மேலே கொண்டுவந்த சத்து, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும் வெண்டையின் வேருக்கு இந்த வழியாக எட்டுகிறது. பச்சைத் தழையைப் போட்ட உடனே விதைப்பது தவறு. மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தாமே எடுத்துக்கொள்வதால் இளஞ்செடி வெளிறிப்போகும்.

உறவு என்பதால் வரும் ஓர் இடரையும் கவனத்தில் வைக்க வேண்டும். சிவப்பு உடலும் கறுப்புப் புள்ளியும் உள்ள பருத்திக் கறைப்பூச்சி மால்வேசியே குடும்பத்து விதைகளை விரும்பி உறிஞ்சுவது. பூவரசங்காயிலும் கூட்டமாகச் சேரும், அங்கிருந்து வெண்டைக்கும் வரும். விதைக்காக முற்றவிட்ட வெண்டைக்காய்களில்தான் அதன் தொல்லை அதிகம். காலை வேளையில் அவை மந்தமாக இருக்கும்போது சோப்புக் கரைசல் உள்ள வாளியில் உதிர்த்துவிட்டால் வீட்டுத் தோட்ட அளவில் கட்டுப்படுத்திவிடலாம். விதை எடுக்க நினைப்பவர்கள் நடுப்பருவத்தில் நோயற்ற செடி ஒன்றைக் குறித்துக்கொண்டு, அதன் இரண்டு மூன்று காய்களை மட்டும் பறிக்காமல் விட்டு, அவை பழுப்பேறி விளிம்பு பிளக்கத் தொடங்கியதும் கொய்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடிவைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை வெளியே வாங்க வேண்டியிருக்காது. அந்தச் செடி இரு ரகங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை ஒட்டுரகமாக இருந்தால் மட்டும் அதன் விதை தாயைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.